வலையேறிய தமிழ் – 9: கட்டங்களை விரட்டிய தேனீ

முன்கதை: 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ்க் கவிதைகள் வலையேறின. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் விளைவாக டாப், டாம் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. மின்னஞ்சலில் கூடி விவாதித்த உலகத் தமிழர்கள் வகுத்த திஸ்கி என்ற குறியீட்டு முறை தன் வழியே போய்க்கொண்டிருந்தது. பத்திரிகைகளோ ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு எதையும் காதில் வாங்கவில்லை.

அரசாணை வந்துவிட்டது, இனி எல்லாம் ஒன்றாகிவிடும் என்று பலர் நம்பினார்கள். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிடக் காரைக்காலிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

* * *

வாஞ்சூரில் நின்ற ஆணை

நாகூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வாஞ்சூர். அங்கே தமிழ்நாடு முடிந்துவிடும். திருமலைராயன்பட்டினம், காரைக்கால், கோட்டுச்சேரி என்று போய்ப் பூவத்தைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. கிழக்கே வங்கக்கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நடுவில் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு நடந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்று. சோறு, பேச்சு, கோயில், கொள்வினை கொடுப்பினை எல்லாம் தஞ்சைக் கழனியோடு. அரசு மட்டும் புதுச்சேரியில்.

அதனால் சென்னைக் கோட்டையில் பிறந்த அரசாணை எதுவானாலும் வாஞ்சூரோடு நின்றுவிடும். டாப் முறையை நாகப்பட்டினத்து அலுவலகம் ஏற்க வேண்டும் என்றால், காரைக்கால் அலுவலகத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் கிடையாது. தமிழ் ஓர் அரசுக்குள் அடங்கிய மொழியாக இருந்திருந்தால் அரசாணை போதுமானதாக இருந்திருக்கும்.

ஆணையின் எல்லை ஒரு சிக்கல் என்றால், இன்னொரு சிக்கல் எழுத்துக்குள்ளேயே இருந்தது.

* * *

233-ஆம் இடம்

திஸ்கியும் டாப்பும் எட்டு பிட் முறைகள். எட்டு பிட் என்றால் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மீதி 128-இல் தமிழை நிரப்பினார்கள்.

ஆனால் அந்த மேல் 128 காலி மனை அல்ல. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தர அட்டவணையில் பிரெஞ்சின் குறியிட்ட எழுத்துகள் அங்கேதான் ஏற்கெனவே குடியிருந்தன.

மாஹே என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு வரும். அந்த எழுத்தின் எண் 233. திஸ்கியில் அதே 233-இல் ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்தது.

மாஹேயும் காரைக்காலும் ஒரே அரசின் இரண்டு பகுதிகள். ஏனாம் இன்னொன்று. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, காரைக்காலிலும் புதுச்சேரியிலும் தமிழ். இவற்றுக்கு மேலே பிரெஞ்சு. இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுத ஓர் எட்டு பிட் அட்டவணை எந்தக் காலத்திலும் போதாது. மலையாளத்துக்கு ஒரு 128, தெலுங்குக்கு ஒரு 128 என்று கேட்டால் இடத்துக்கு எங்கே போவது?

இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. அவர்களின் உறவுகள் பிரான்சில் இருக்கிறார்கள். திஸ்கியில் எழுதிய ஒரு தமிழ்ப் பக்கத்தை எழுத்துரு இல்லாத பாரிஸ் கணினியில் திறந்தால் என்ன தெரியும்? தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அட்டவணைப்படி அந்த எண்களுக்கு அந்தக் கணினி கொடுத்த விடை சரியானதுதான். தமிழ் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே!

* * *

பக்கம் செய்யக் கற்ற விதம்

1990-களின் கடைசி. காரைக்காலில் திருநள்ளாறு சாலையிலோ பாரதியார் சாலையிலோ ஒரு பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 98, டயல்-அப், மணிக் கணக்கில் காசு. அந்தக் காலத்தில் எந்தத் தமிழ் ஊர்ச் சென்டரிலும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது:

"அண்ணே, தமிழ் வரலண்ணே. ஏதேதோ எழுத்தா வருது."

"என்கோடிங்ல போய் யூசர் டிஃபைன்ட் போட்டுப் பாரு தம்பி."

'யூசர் டிஃபைன்ட்' என்றால் இது எந்த மொழி என்று கேட்காதே, நான் சொல்லும் எழுத்துருவில் காட்டு என்று உலாவிக்கு இடும் கட்டளை. தமிழ் அன்று வலையில் வாழ்ந்தது இந்தப் பெயரில்லாத அறையில்தான்.

வலைப்பக்கம் செய்யக் கற்றவர்கள் கற்றதும் அதே முறையைத்தான். பிடித்த பக்கத்தைத் திறப்பார்கள், 'வியூ சோர்ஸ்' கொடுப்பார்கள், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து நகலெடுப்பார்கள். தமிழ்ப் பக்கத்தின் உள்ளே இருந்தது ஃபான்ட் டேக். இந்த வரியை இன்ன எழுத்துருவில் காட்டு என்று சொல்லும் குறிச்சொல். அதற்குள்ளே ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாக ஒரு குழப்பம். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது.

பார்க்கத் தமிழ், உள்ளே தமிழ் இல்லை. காரைக்கால் அம்மையார் என்று தேடுபொறியில் தேடினால் அம்மையாரைப் பற்றிய பக்கம் அகப்படாது. நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் குப்பை. ஒரு நாளிதழின் எழுத்துருவை இறக்கி வைத்தாலும் அடுத்த நாளிதழைப் படிக்க முடியாது.

அதே ஆண்டுகளில் மேற்கே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் ஆளுக்கொரு குறிச்சொல்லை உண்டாக்க, ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்ய வேண்டிய நிலை. 1998-இல் வடிவமைப்பாளர்கள் கூடி 'வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் நிறுவிய டபிள்யூ3சி வகுத்த தரங்களை எல்லா உலாவிகளும் மதிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அந்தத் தரத்தின் சாரம் எளியது. ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்லட்டும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் சொல்லட்டும். இரண்டையும் கலக்காதே. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4, ஃபான்ட் டேக்கைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே எச்டிஎம்எல் 4, பக்கத்தின் எழுத்துகள் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணையைச் சேர்ந்தவை என்றும் வைத்தது.

ஆங்கிலப் பக்கத்தில் ஃபான்ட் டேக்கைப் பிடுங்கினால் அழகு கொஞ்சம் குறையும். எழுத்து எழுத்தாகவே நிற்கும். தமிழ்ப் பக்கத்தில் பிடுங்கினால் தமிழே போய்விடும்.

அவர்களுக்கு ஒழுங்கு பற்றிய சண்டை. நமக்கு இருப்பு பற்றிய சண்டை.

* * *

காரைக்கால் = பத்து எண்கள்

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. அதிலேயே தமிழுக்கு இடம் உண்டு. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையைப் பின்பற்றித் தமிழ்ப் பகுதியை அமைத்தார்கள்.

'காரைக்கால்' என்ற சொல்லை யூனிகோடு இப்படி வைக்கும்: 2965, 3006, 2992, 3016, 2965, 3021, 2965, 3006, 2994, 3021.

2965 என்பது க. 3006 என்பது கால். இரண்டும் சேர்ந்தால் கா. 2992 என்பது ர. 3016 என்பது ஐகாரச் சங்கிலிக்கொம்பு. 3021 புள்ளி. 2994 ல.

'ரை'யைக் கவனியுங்கள். தாளில் எழுதும்போது கொம்பு முன்னால், ர பின்னால். யூனிகோடில் ர முன்னால், கொம்பு பின்னால். அதாவது வாய் சொல்லும் வரிசை. கண் பார்க்கும் வரிசைக்கு மாற்றிக் காட்ட வேண்டியது கணினியின் வேலை. திஸ்கியில் அந்த வேலையே இல்லை. கண் பார்க்கும் வரிசையிலேயே எழுத்தை அடுக்கிவிடும்.

இங்கேதான் எதிர்ப்பு கிளம்பியது. திஸ்கியில் காரைக்கால் எட்டே பைட். வலைக்கு ஏற்ற யுடிஎஃப்-8 வடிவில் யூனிகோடுக் காரைக்கால் முப்பது பைட். டயல்-அப் காலத்தில் இது லேசான கணக்கு அல்ல. க் என்ற ஒரே எழுத்தை க, புள்ளி என்று இரண்டாக உடைப்பது தமிழ் இலக்கணத்துக்கு அடுக்குமா என்றும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் கேட்ட அந்தக் குரல் ஓயவில்லை. பின்னாளில் டேஸ் 16 என்ற பெயரில் அரசு ஏற்பு வரை போனது. அது வேறொரு வாரத்துக்கான கதை.

ஆனால் முப்பது பைட்டுக்கு ஒரு பலன் இருந்தது. 2965 என்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் க மட்டும்தான். பிரெஞ்சின் 233-க்கும் அதற்கும் தகராறு இல்லை. மாஹேயின் மலையாளமும் ஏனாமின் தெலுங்கும் தத்தம் எண்களோடு அதே பக்கத்தில் இருக்கலாம். வாஞ்சூரில் எண் மாறாது.

* * *

கேள்விக்குறியும் கட்டமும்

2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. லதா என்ற யூனிகோடுத் தமிழ் எழுத்துருவும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டு எக்ஸ்பி. அதே 2000-இல் சிங்கப்பூரில் கணினித் தமிழுக்கான உத்தமம் அமைப்பு தோன்றியது. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து இ. மயூரநாதன் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதத் தொடங்கினார். முகுந்த்ராஜின் எ-கலப்பை இலவசமாகத் தட்டச்சுக்கு வழி செய்தது. ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்கு தமிழ்' மாற்றி, பழைய எழுத்துருக் குப்பையை யூனிகோடாக்கிக் கொடுத்தது.

எழுதுபவர்கள் தயார். படிப்பவர்கள்?

யூனிகோடில் பக்கம் செய்யப் புறப்பட்டவர் முதலில் முட்டிக்கொண்ட இடம் நோட்பேட். தமிழில் தட்டி, சேமிக்கும்போது என்கோடிங்கைக் கவனிக்காமல் 'ஆன்சி' என்றே விட்டுவிட்டால், திறந்து பார்க்கும்போது எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி. எழுத்துரு இல்லாததால் வரும் கோளாறு என்றால் எழுத்துருவைப் போட்டதும் சரியாகும். கேள்விக்குறி அப்படியல்ல. போனது போனதுதான், திரும்ப வராது. யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமிக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் இது யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் தமிழ் வலைப்பக்கத்தின் பிள்ளையார் சுழி.

அதையெல்லாம் சரியாகச் செய்தாலும், பிரவுசிங் சென்டரில் இருந்தது விண்டோஸ் 98. அதில் லதா இல்லை. யூனிகோடுத் தமிழ் அங்கே வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எக்ஸ்பி இருந்த இடத்திலும் முழு நிம்மதி இல்லை. தமிழ் ஒழுங்காகத் தெரியக் கண்ட்ரோல் பேனலில் ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும். போட்டால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சென்டர்காரரிடம் சிடிக்கு எங்கே போவது?

பழைய முறையில் எழுதினால் படிக்க ஆள் உண்டு, எதிர்காலம் இல்லை. புதிய முறையில் எழுதினால் எதிர்காலம் உண்டு, படிக்க ஆள் இல்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்தது சென்னையில் அல்ல, சிங்கப்பூரில் அல்ல. காரைக்கால் இருக்கும் அதே காவிரி டெல்டாக் கடற்கரையில்.

* * *

அதிராம்பட்டினத்துக்காரர்

காரைக்காலிலிருந்து தெற்கே நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை தாண்டிப் போனால் அதிராம்பட்டினம். பட்டுக்கோட்டை வட்டம். 1953-இல் அங்கே பிறந்தவர் உமர் தம்பி. மின்னணுக் கருவிகளில் தொடங்கிக் கணினிக்கு வந்தவர். துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சுக் கருவிகளையும் செய்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தவர்.

அவர் செய்த யூனிகோடு எழுத்துருக்களில் ஒன்றுக்குப் பெயர் தேனீ.

இயங்கு எழுத்துரு என்ற உத்தி அப்போது புதிதல்ல. பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் சேர்ந்து இறங்கிவிடும், படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். 1997-லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இதற்கு வழி வைத்திருந்தது. 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-இல் இதற்கான விதி இருந்தது. தமிழ்த் தளங்கள் சிலவும் இதைப் பயன்படுத்தின. ஆனால் அங்கே இறங்கிய எழுத்துருவுக்கு அடியில் இருந்தது பழைய குப்பைதான். எழுத்துரு இறங்கத் தவறினால் பக்கம் தமிழாக இருக்காது.

தேனீயில் வேறுபாடு ஒன்றே ஒன்று. அடியில் இருந்தது யூனிகோடு.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள். விண்டோஸ் 98 கணினியில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் புதிய பதிப்பு இருந்தால், கொம்பை முன்னே நகர்த்தும் நிரல் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். இல்லாதது எழுத்துரு மட்டும். அதைத் தேனீ கொண்டுவந்து கொடுத்தது. கட்டங்கள் போய்த் தமிழ் வந்தது. எக்ஸ்பியில் தேனீ இறங்காவிட்டாலும் குடி முழுகாது, லதா எடுத்துக் காட்டும். தேடுபொறிக்கு எழுத்துருவே வேண்டாம், அது எண்ணைப் படித்துக்கொள்ளும்.

என்ன இருக்கிறது என்பது தனி. எப்படித் தெரிகிறது என்பது தனி. மேற்கே வடிவமைப்பாளர் ஜெஃப்ரி செல்ட்மேன் 2003-இல் தரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வாதாடிய அந்தப் பிரிவினை, தமிழில் விண்டோஸ் 98-இன் வறுமைக்கு நடுவே ஓர் எழுத்துருவால் நடைமுறைக்கு வந்தது.

பிளாக்கரில் எழுதத் தொடங்கியிருந்த தமிழர்கள் அந்தச் சில வரிச் சிஎஸ்எஸ்ஸைத் தங்கள் டெம்ப்ளேட்டில் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டும்போது பக்கத்து வரி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நிறத்தை மாற்றினார்கள், வரி இடைவெளியைக் கூட்டினார்கள். எழுத்தளவைக் கூட்ட ஃபான்ட் டேக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று கண்டார்கள். வகுப்பும் சான்றிதழும் இல்லாமல் பலர் சிஎஸ்எஸ் கற்றது இப்படித்தான். அரசாணை போக முடியாத ஊர்களுக்கெல்லாம் அந்தச் சில வரிகள் போயின.

உமர் தம்பி 2006 ஜூலை 12 அன்று காலமானார். வயது 53.

* * *

உதிர்ந்த கொம்பு

தேனீயின் பலவீனம் அதன் பலத்துக்குள்ளேயே இருந்தது. அந்த இயங்கு எழுத்துரு மைக்ரோசாஃப்டின் கோப்பு வகை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறு உலாவி அதைத் தொடாது.

2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. தரங்களை மதிக்கும் உலாவி என்பதே அதன் பெருமை. தரம் தரம் என்று பேசிய வடிவமைப்பாளர்கள் கொண்டாடினார்கள். யூனிகோடில் எழுதிய தமிழர்களும் ஆவலோடு இறக்கிப் பார்த்தார்கள். எக்ஸ்பியில் லதா இருக்கிறது, அடியில் யூனிகோடு இருக்கிறது. தேனீ இறங்காவிட்டால் என்ன?

சில பக்கங்கள் அழகாகத் திறந்தன. வேறு சிலவற்றைத் திறந்தவர்கள் திகைத்தார்கள். ரையின் கொம்பு கழன்று ரவுக்குப் பின்னால் கிடந்தது. புள்ளி, எழுத்தின் தலையிலிருந்து இறங்கிப் பக்கத்தில் நின்றது. கால் தனி, க தனி. காரைக்கால் பத்துத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது.

ஒரே கணினி, ஒரே எழுத்துரு, ஒரே யூனிகோடு. ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது, அடுத்தது உடைகிறது. இரண்டின் சோர்ஸையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தவர்கள் கடைசியில் ஒரே ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். உடைந்த பக்கங்களில், பத்தியின் இரு ஓரமும் புத்தகத்தில் இருப்பதுபோல் நேராக நிற்க வேண்டும் என்று சிஎஸ்எஸ்ஸில் 'ஜஸ்டிஃபை' எழுதியிருந்தது.

அது தரத்தில் உள்ள சொல்தான். 1996-இன் முதல் சிஎஸ்எஸ்ஸிலிருந்தே இருக்கிறது. எழுதியவர் தவறு செய்யவில்லை. ஆங்கிலப் பக்கத்தில் அதே வரி எந்தத் தொல்லையும் தரவில்லை.

தரத்தைக் கடைப்பிடித்த பக்கம், தரத்தின் பெயரால் வந்த உலாவியிலேயே உடைந்தது ஏன்? உலாவி திருந்தும்வரை தமிழ்ப் பக்கம் காத்திருக்க வேண்டுமா, அல்லது தமிழுக்காகத் தரத்தில் உள்ள ஒரு சொல்லைக் கைவிட வேண்டுமா?

(அடுத்த வாரம்)